அத்தையின் குப்பைத்தொட்டி

மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைகளில் கால்மேல் கால் போட்டு உட்காருகிற ரகம் ஒன்று உண்டு. வந்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிற ரகம் இன்னொன்று. நம்முடைய ஆள் இரண்டாவது ரகம். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் அந்த வீட்டில் அவன் ஒருநாளும் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை.

ஏனென்றால் அது கால் பார்க்கிற வீடு. அத்தை ஷூ செய்கிறவர். கடையில் விற்கிற ஷூ எந்தக் காலுக்குப் பொருந்தாதோ அந்தக் காலுக்கென்றே செய்கிறவர். ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள், பாதம் உள்பக்கம் திரும்பியவர்கள், விபத்தில் விரல் போனவர்கள் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் காகிதத்தின்மேல் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதைப் படம் எடுத்து மெயிலில் அனுப்புவார்கள். அத்தை அதைப் பார்த்து, கேள்விமேல் கேள்வி கேட்டு, மரத்தில் கால் அச்சு செதுக்கி, தோல் வெட்டித் தைத்து அனுப்புவார். பெட்டியில் போட்டு டேப் ஒட்டுவது மாமாவின் வேலை. அதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் ஒட்டிய பெட்டியைப் பிரிக்கக் கத்தி வேண்டும். கடப்பாரை இருந்தால் இன்னும் நல்லது.

குடும்பத்தில் எல்லோர் காலிலும் அத்தை செய்த ஷூதான். மாப்பிள்ளை காலில் மட்டும் கடைச் சரக்கு. இத்தனைக்கும் அவனுடைய இடது காலில் இரண்டாவது விரல் பெருவிரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்த ஷூ போட்டாலும் மாலைக்குள் அந்த விரல் தோலுரிந்துவிடும். ஒருமுறை அளவு கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் அளவெடுக்கும்போது அத்தை தரையில் உட்கார்ந்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். பெற்ற தாய் வயதில் இருக்கிற மனுஷி தன் காலைப் பிடிப்பதா என்று இவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். "அப்புறம் பார்க்கலாம் அத்தை" என்று நழுவினான். மறுபடியும் நழுவினான். "நம்ம தொழில் மாப்பிள்ளைக்குக் கேவலமாப் படுது போல" என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தை கேட்பதை விட்டுவிட்டார். வந்தால் "வாங்க", போனால் "போயிட்டு வாங்க" என்ற அளவில் பேச்சு நின்றுபோயிற்று.

அவனுக்கு வேலை ஒரு மெயில் மென்பொருள் கம்பெனியில். கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளைப் போட்டுவிட்டு மெயில் வரவில்லை, போகவில்லை, பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு போனில் வழி சொல்ல வேண்டும். காதில் மாட்டிய கருவியைக் கழற்றவே நேரம் இருக்காது. ஏதோ இவன்தான் வந்து கெடுத்துவிட்டுப் போனது போல மக்கள் கத்துவார்கள். இவன் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிசெய்வான். சரியானதும் டொக்கென்று போனை வைத்துவிடுவார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. "தண்ணி வந்தா குழாய்க்கு யாராவது நன்றி சொல்றாங்களா?" என்று அவனே மனைவியிடம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பானே ஒழிய, உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்யும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தவனை மனைவி உலுக்கினாள்.

"எழுந்திருங்க. அம்மாவோட மெயில் ரிப்பேராம்."

"போன்ல சொல்லச் சொல்லேன்."

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் போன்ல சொல்றீங்க. என் அம்மாவுக்கு நேர்ல வந்து சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

இதற்குமேல் எந்தப் புருஷன் படுத்திருப்பான்? கிளம்பினான்.

அத்தையின் பட்டறை வீட்டின் கீழ்த்தளத்தில், ஒரு சலவைக்கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவே இருந்தது. கதவைத் திறந்ததுமே தோலும் பசையும் கலந்த வாசனை வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். சுவர் நிறைய அலமாரி. அலமாரி நிறைய மர அச்சுகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. ஜன்னலோரமாகத் தையல் இயந்திரம், அதை ஒட்டிக் கம்ப்யூட்டர் மேஜை. விசைப்பலகையின் இடுக்குகளில் தோல் தூள் அடைந்து கிடந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போலக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்ன அத்தை ஆச்சு?"

அத்தை கையிலிருந்த பசையைத் துணியில் துடைத்தபடி தள்ளியே நின்றார். "என்னமோ தெரியலை மாப்பிள்ளை. நான் எழுதுறேன், யாரும் பதில் போட மாட்டேங்கிறாங்க. ஒருத்தர் ரெண்டு பேர்னா பரவாயில்லை. எல்லாருமே வாயை மூடிக்கிட்டாங்க. ஏதாவது தப்பாத் தச்சு அனுப்பிட்டேனோன்னு எனக்குத் தூக்கமே இல்லை."

"அவ சாப்பாடும் ஒழுங்காச் சாப்பிடுறதில்லை" என்று டேப்பைக் கிழித்துக்கொண்டே மாமா சொன்னார்.

மென்பொருளைத் திறந்தான். திறந்ததும் அது பாஸ்வேர்டைக் கேட்டது. அத்தை வந்து ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். இந்தக் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் அத்தை 'வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டார்.

"ஏன் அத்தை? சரின்னு சொல்லிட்டா தினமும் தட்ட வேண்டாமே."

"என் வீட்டுச் சாவியை அதுகிட்ட எதுக்குக் கொடுக்கணும்?"

மனைவி களுக்கென்று சிரித்தாள். "அம்மா எப்பவும் அப்படித்தான். கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் வேண்டாம்தான். புதுசா ஏதாவது போடட்டுமான்னு கேட்டா வேண்டாம். மாத்தட்டுமான்னா வேண்டாம். காலண்டர் வேணுமான்னா வேண்டாம்."

"தெரியாத ஆள் வாசல்ல வந்து நின்னு ஏதாவது கேட்டா, யோசிக்காம சரின்னு சொல்லிடுவியாடி?" என்றார் அத்தை.

இந்த மாதிரி ஆட்களால்தான் தன் வேலை ஓடுகிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான். வெளியே சொல்லவில்லை.

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மெயில் வெளியே போவதற்கு முன் காத்திருக்கிற இடம் அவுட்பாக்ஸ். அதைத் திறந்தால் அங்கே ஒரே கூட்டம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மெயில் மூச்சு முட்டி நின்றுகொண்டிருந்தது. ஷூவை நாலா பக்கமும் திருப்பித் திருப்பி எடுத்த வீடியோ ஒன்றை அத்தை அதில் இணைத்திருந்தார். அவ்வளவு கனத்தை, மெயிலை வாங்கி அனுப்புகிற சர்வர் ஏற்காது. ஒவ்வொரு முறையும் அது போய் முட்டிக்கொண்டு திரும்பி வர, பின்னால் நின்ற மெயில்கள் ஒன்றுகூட நகரவில்லை. வாசற்படியில் பீரோ மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிறவன் எப்படிப் போவான்?

"அத்தை, நீங்க எழுதின எதுவுமே போகலை. எல்லாம் இங்கேயே இருக்கு. யாரும் உங்ககிட்ட கோபமா இல்லை. அவங்களுக்குக் கிடைக்கவே இல்லை."

அத்தை கம்ப்யூட்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜமாவா?"

வீடியோ மெயிலை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அனுப்பு என்று அழுத்தினான். மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போயின. கொஞ்ச நேரத்திலேயே பதில்கள் வர ஆரம்பித்தன. 'உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டோம்' என்று ஒருவர். 'அளவு சரிதான், தைக்கலாம்' என்று இன்னொருவர். ஒவ்வொன்று வரும்போதும் அத்தை வாய்விட்டுப் படித்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது. "மவராசனா இருங்க மாப்பிள்ளை" என்றார். அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

நம்ம ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வேலை முடிந்ததா, எழுந்தோமா என்று இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பாராட்டு ருசித்துவிட்டால் மனுஷன் சும்மா இருப்பானா? "மென்பொருள் ரொம்ப மெதுவா ஓடுது அத்தை. சுத்தம் பண்ணிக் கொடுத்திடறேன்" என்றான். அத்தை பெட்டி ஒன்றை எடுக்க மாடிக்குப் போயிருந்தார். தலையாட்டியது மாமா மட்டும்தான். மாமா எதற்கும் தலையாட்டுவார்.

எது இப்படிக் கனக்கிறது என்று தேடினான். இன்பாக்ஸில் இப்போது வந்த பதில்களைத் தவிர ஒன்றும் இல்லை. அழித்த மெயில் போய் விழுகிற குப்பைத்தொட்டிதான் வயிறு வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது. வருடக்கணக்கான மெயில். குப்பையைக்கூடக் கொட்டத் தெரியாமல் இருக்கிறாரே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. அத்தனையையும் ஒரே அமுக்கில் தேர்ந்தெடுத்தான். அழித்தான். 'திரும்பப் பெற முடியாது, நிச்சயமா?' என்று அது கேட்டது. 'ஆம்' என்று ஒரு தட்டுத் தட்டினான். பியானோ வாசிக்கிறவன்கூட அவ்வளவு அழகாக விரலைத் தூக்கியிருக்க மாட்டான். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மனைவி கொடுத்த டீயை வாங்கித் தெருப்பக்கம் போய் நின்றான்.

டீ பாதி இருக்கும்போது, மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, மலையடிவாரத்துப் பாப்பாவோட கால் குப்பையில இருக்கும். கொஞ்சம் எடுத்துக் கொடுங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. "எது அத்தை?"

"அந்தப் பொண்ணோட காலுங்க. வலது கால் வளருது, இடது கால் மெதுவா வளருது. பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள புது ஜோடி போகணும். இதுக்கு முன்னால வரைஞ்சு அனுப்பினதையெல்லாம் இப்ப வந்ததோட வச்சுப் பார்த்தாத்தான், அடியை எவ்வளவு உயர்த்தணும்னு எனக்குத் தெரியும். அவளோடது எல்லாம் குப்பையிலதான் வச்சிருக்கேன். எல்லாரோட காலும் அங்கதான் இருக்கு."

டீ கையிலேயே ஆறிப்போனது. "குப்பையில ஏன் அத்தை வச்சீங்க?" என்று கேட்டான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"பின்ன எங்க வைக்கிறது? முன்னாடி ரிப்பேருக்கு வந்த ஆள், இன்பாக்ஸ் நிறைஞ்சு போச்சுன்னு அதுல இருந்ததையெல்லாம் துடைச்சுட்டுப் போயிட்டான். அன்னைக்கு நான் அழுத அழுகை உங்க மாமாவுக்குத் தெரியும். அப்புறம்தான் யோசிச்சேன். திருடன்கூடக் குப்பைத்தொட்டியில கை வைக்க மாட்டான். ஒரே ஒரு விசை அமுக்கினா போதும், தானா அங்க போய் உட்கார்ந்துக்குது. அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூடத் தொலையலை."

அத்தை இதைச் சொல்லும்போது பெருமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. மென்பொருள் கோளாறு, ஃபைல் பழுதாகிவிட்டது, யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும் என்று சொல்லலாம். அத்தைக்கு என்ன தெரியப்போகிறது? வேலையில் எத்தனையோ பேரிடம் கம்பெனியைக் காப்பாற்ற அப்படிச் சொல்லியிருக்கிறான். ஆனால் அத்தை அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், நம்பிக்கையோடு நின்றார்.

"அத்தை, நான் குப்பையைக் கொட்டிட்டேன்."

மாமாவின் டேப் பாதியில் நின்றது.

"கொட்டிட்டீங்கன்னா?"

"அழிச்சுட்டேன். எல்லாத்தையும். குப்பைதானேன்னு நினைச்சேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கலை."

மனைவி அவனைப் பார்த்த பார்வையில் சுள்ளி இருந்தால் பற்றியிருக்கும். ஆனால் அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை, கத்துகிறவர்களைக் கையாள அவனுக்குப் பழக்கம் உண்டு. அத்தை பக்கத்தில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த சின்ன மர அச்சு ஒன்றை எடுத்துக் கையால் தடவினார்.

"போன வருஷத்துக் காலை இப்ப எங்க போய் வாங்குறது? அது வளர்ந்து போச்சே" என்றார்.

பிறகு, யாரிடமும் சொல்லாமல் தனக்குத் தானே சொல்வது போல, "அவங்க எழுதினதும் அதுலதான் இருந்துச்சு. நடந்துட்டேன், மாடி ஏறிட்டேன், வலிக்கலைன்னு எழுதுவாங்க. காலையில கத்தியை எடுக்கிறதுக்கு முன்னால அதுல ஒண்ணு திறந்து படிப்பேன். அது ஒரு பழக்கம்" என்றார்.

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருவருடைய வாழ்நாளின் நன்றி அத்தனையையும் துடைத்துப் போட்டிருக்கிறான். நன்றிக்கு ஏங்கிக்கொண்டே இருக்கிற தன்னைப் போல ஒருவன் செய்கிற வேலையா இது?

கம்ப்யூட்டர் முன்னால் போய் விழுந்தான். முதலில் சர்வரைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. இறக்கிக்கொண்டதும் சர்வரிலிருந்து மெயிலை அழித்துவிடும்படி கல்யாணமான புதிதில் போனில் அத்தைக்கு அமைத்துக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, இவன்தான். குப்பைத்தொட்டியைத் திறந்தான். வெறுமை. ஷூ காலை அமுக்கியது, விரல் விண்விண்ணென்று தெறித்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இடது ஷூவையும் சாக்ஸையும் உதறித் தள்ளினான்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நூல். இந்த மென்பொருளைப் பற்றி வெளியே யாருக்கும் அதிகம் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மெயிலை அழித்தால் அது உடனே போய்விடுவதில்லை. இது அழிந்தது என்று ஒரு குறி மட்டும் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கும். மெயில் பழைய ஃபைலிலேயே கிடக்கும். அப்புறம் ஒரு நேரம் பார்த்து, இடத்தை மிச்சப்படுத்த ஃபைல்களைச் சுருக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொன்ன அந்த நிமிஷம்தான் குறிபோட்டதெல்லாம் உண்மையிலேயே போகும். இவ்வளவு பெரிய குப்பையை அழித்தால் அது கேட்காமல் இருக்காது. கேட்டிருக்கும். இவன் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கும்.

"அத்தை." அவன் நாற்காலியோடு திரும்பினான். "நான் வெளிய இருந்தப்போ இது உங்களை ஏதாவது கேட்டுச்சா?"

"என்னமோ கேட்டுச்சு. திரையை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. இடம் அது இதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அத்தை பயந்துபோய்ப் பார்த்தார். "நான் என்ன சொல்லுவேன்? வழக்கம்போல வேண்டாம்னு அமுக்கிட்டேன். தப்பா மாப்பிள்ளை?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்று அத்தையைக் கையெடுத்துக் கும்பிட்டான். "தப்பா? என் தெய்வமே! நீங்க சொன்னதுதான் சரி. இனிமே இது எதைக் கேட்டாலும் வேண்டாம்னே சொல்லுங்க. நான் சொன்னாக்கூடக் கேட்காதீங்க."

"அவருக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்று மாமா மகளிடம் மெல்லக் கேட்டார்.

அதன்பிறகு அவன் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. மென்பொருளை மூடினான். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் அந்தக் குப்பைத்தொட்டியின் ஃபைல் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை என்று மென்பொருள் சொன்னதே தவிர, ஃபைல் பழையபடி மலை மாதிரி இருந்தது. முதல் வேலையாக அதற்கு ஒரு நகல் எடுத்து பென் டிரைவில் போட்டான். அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுத்தான். பிறகுதான் அதைச் சாதாரண எழுத்தாகத் திறந்தான்.

அத்தை அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். தள்ளி நிற்கவில்லை.

"இது என்ன மாப்பிள்ளை, ஒரே எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு?"

"இதுதான் அத்தை உங்க மெயில். பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் தலையில ஒரு குறி இருக்கா? இது வேண்டாததுன்னு அர்த்தம். உங்க அலமாரியில இருக்கிற அச்சுல எல்லாம் ஒரு சீட்டு கட்டி வச்சிருக்கீங்களே, அந்தச் சீட்டுல நான் தூக்கிப் போடுன்னு எழுதிட்டேன். தூக்கிப் போட வந்த ஆளை நீங்க வாசலோட திருப்பி அனுப்பிட்டீங்க. அச்சு அப்படியே இருக்கு. சீட்டை மாத்தினா போதும்."

அத்தைக்குப் பளிச்சென்று புரிந்தது. "அப்ப மாத்துங்க, மாத்துங்க" என்று அவசரப்படுத்தினார்.

குறியை எல்லாம் ஒரே வீச்சில் மாற்றினான். மெயில்களின் வரிசையை நினைவில் வைத்திருக்கிற சின்ன ஃபைல் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அது பழைய பொய்யையே திரும்பச் சொல்லும் என்பதால் அதை ஒதுக்கி வைத்தான். மறுபடி எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மென்பொருளைத் திறந்தான். பாஸ்வேர்டு கேட்டது. அத்தை தட்டினார். நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. அத்தை விரலை ஓங்கிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"வேண்டாம் அத்தை" என்றான் அவன்.

குப்பைத்தொட்டியை அழுத்தினான். திரை வெறுமையாகவே இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. மாமாகூட இருமலை அடக்கிக்கொண்டார். சலவைக்கடையில் இயந்திரம் சுற்றுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. பிறகு மேலே ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொன்று. அப்புறம் கொட்டியது பாருங்கள், கண்ணால் தொடர முடியவில்லை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பாப்பா... அந்தப் பாப்பாவோடதைத் திறங்க."

திறந்தான். கோடு போட்ட காகிதத்தில் பென்சிலால் வரைந்த ஒரு குட்டிக் கால். அதற்கு அடுத்ததில் கொஞ்சம் பெரிய கால். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசியில் அந்தப் பிள்ளை கோணல் எழுத்தில் தானே எழுதியிருந்தது: 'நான் இன்று ஓடினேன். விழவில்லை. அம்மா அழுதாள், ஏன் என்று தெரியவில்லை.'

அத்தையும் அழுதார். ஏன் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி மாப்பிள்ளை" என்றார். "நீங்க பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அப்படிச் சொல்லாம இருந்தீங்களே, அதுக்கும் சேர்த்துச் சொல்றேன். ரொம்ப நன்றி."

இத்தனை வருட வேலையில் அவன் கேட்காத வார்த்தை அது. அதுவும் எப்போது வருகிறது? தானே கெடுத்துத் தானே சரிசெய்த நாளில் வருகிறது. "நன்றி நான்தான் சொல்லணும் அத்தை. உங்க வேண்டாம்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்று எப்படியோ சொல்லி முடித்தான்.

அத்தை திரையைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. மேஜைக்கு வெளியே இடது கால் வெறுங்காலாக நீட்டிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்த விரல், அதன்மேல் தோலுரிந்து சிவந்த புண். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இழுக்காதீங்க" என்றார் அத்தை. குரல் மாறிவிட்டது, அது மாமியார் குரல் இல்லை, ஷூ செய்கிறவரின் குரல். "இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளும் நடந்தீங்க? ஒவ்வொரு அடிக்கும் உயிர் போயிருக்குமே! எங்க ஷூவைப் போட்டா மானம் போயிடுமா?"

"மானமா? ஐயோ அத்தை!" இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. "நீங்க கீழ உட்கார்ந்து என் காலை மடியில தூக்கி வைப்பீங்களே. என் அம்மா மாதிரி நீங்க. உங்களைக் காலைப் பிடிக்க வைக்க எனக்கு மனசு வரலை. வேற ஒண்ணும் இல்லை."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இதைத்தான் இவ்வளவு வருஷமா முழுங்கி வச்சிருந்தீங்களா? நான்கூட உங்களைத் திமிர் பிடிச்சவர்னு நினைச்சேனே!"

மாமா பெரிதாகச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். தன் மடியைத் தட்டிக் காட்டினார்.

"எங்கெங்கயோ இருக்கிறவங்க காலெல்லாம் என்கிட்ட இருக்கு. என் பொண்ணைக் கட்டினவர் கால் மட்டும் என்கிட்ட இல்லைன்னு எவ்வளவு நாள் வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா? அம்மா மாதிரின்னு சொன்னீங்கல்ல? அம்மா பிடிக்காத காலா? கொடுங்க."

கொடுத்தான். அத்தையின் கை சொரசொரவென்று, இதமாக, சூடாக இருந்தது. பென்சில் குதிகாலைச் சுற்றி வந்தபோது கூச்சத்தில் நெளிந்தான். "அசையாதீங்க, விரல் கோணலாப் போயிடும்" என்று ஒரு அதட்டல் விழுந்தது. ஏற்கெனவே கோணல்தானே என்று மாமா முணுமுணுத்தார்.

வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பு அவன் ஒரு வேலை செய்தான். 'கால்கள்' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, குப்பையில் இருந்த எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினான். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் அத்தையைக் கேட்டான். பென் டிரைவை அத்தையின் கையில் கொடுத்து, அலமாரியில் பத்திரமாக வைக்கச் சொன்னான். "இனிமே குப்பைத்தொட்டியில எதையும் வைக்காதீங்க அத்தை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அத்தை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

சில வாரம் கழித்து அத்தையிடமிருந்து பெட்டி வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்க அவனும் மனைவியும் படாத பாடு பட்டார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி ஷூ. இடது ஷூவின் முன்பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து, அந்த விரலுக்கென்று தனியாக ஒரு வீடு கட்டின மாதிரி இருந்தது. போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடந்தே போனான். வழக்கமாக வலி தொடங்குகிற திருப்பம் வந்தது, போனது. வலியைக் காணோம். அவன் நடுத்தெருவில் நின்று காலைக் குனிந்து பார்த்தான்.

இடத்தில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மெயில் எழுதினான். 'அத்தை, நடந்தேன். வலிக்கவில்லை. எத்தனையோ வருடம் கழித்து வலிக்கவில்லை. நன்றி.' அதற்குமேல் எழுத வரவில்லை. அனுப்பிவிட்டான்.

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தான்.

"வந்துச்சா அத்தை?"

"வந்துச்சு, வந்துச்சு. உங்க மாமாவுக்கும் படிச்சுக் காட்டினேன். நாளைக்குக் காலையில முதல்ல அதைத்தான் திறப்பேன்."

"கால்கள்னு ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேனே, அதுலதானே வச்சிருக்கீங்க?"

"அதுல வாடிக்கைக்காரங்களோடதெல்லாம் வச்சிருக்கேன் மாப்பிள்ளை. நீங்க சொன்னபடியேதான். ஆனா உங்களோடதைப் போய் அவங்களோட கலக்க மனசு வரலை. அதனால..."

"அதனால?"

"குப்பையில வச்சிருக்கேன். அதுதான் பத்திரம்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஊர் முழுக்கச் சொல்லித் தருகிறவன், அத்தையை மட்டும் திருத்தவில்லை. "அங்கேயே இருக்கட்டும் அத்தை" என்றான்.

"இருங்க, போனை வைக்காதீங்க. இது இப்ப என்னமோ கேக்குது. இடம் பத்தலையாம், எதையோ சுருக்கட்டுமாங்குது."

அவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்னு அமுக்குங்க அத்தை!"

"நீங்க சொல்லணுமா? அப்பவே அமுக்கிட்டேன்" என்றார் அத்தை.